பிற்பாடு சேர்த்த ஒன்பது வரி

எங்கள் பத்திராதிபர் பொய் எழுதியிருக்கிறார். அவருடைய கட்டுரைகளைத் தொகுத்துப் போன மாதம் புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். சுதந்திரம் வந்த சமயத்தில் அந்நிய இலக்கியம் பற்றிப் பத்திரிகைகளில் நடந்த சண்டையை முன்னுரையில் சொல்லிவிட்டு, தான் கொள்கையைத்தான் தாக்கியதாகவும், தனி மனிதர் எவருக்கும் தன் பேனாவால் தீங்கு வந்ததில்லை என்றும் முடிக்கிறார். தீங்கு வந்தது. ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு வேலை போயிற்று. எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியும். அப்போது அவரிடம் உதவி ஆசிரியனாக இருந்தவன் நான். அதில் எனக்கும் பங்கு உண்டு. அதையும் சொல்கிறேன்.

நான் இலக்கியம் படித்து அந்த வேலைக்குப் போனவன் இல்லை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியான வருஷம், மயிலாப்பூரில் வீதிக்கு நாலு வீடுதான் திறந்திருந்தது. பத்திரிகையில் இருந்த இரண்டு உதவி ஆசிரியர்களும் ஒருவர் கும்பகோணம், ஒருவர் திருச்சி என்று போய்விட்டார்கள். ஆதம்பாக்கத்தில் இருந்த நான் போகவில்லை; போவதற்கு எனக்கு வேறு ஊர் கிடையாது. பிழை திருத்துகிற வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். ஒரு மாதத்தில் உதவி ஆசிரியன் ஆகிவிட்டேன். வேறு ஆள் இல்லை என்பதுதான் காரணம்.

ஆள் இல்லாதது போலவே கதையும் இல்லை. வழக்கமாக எழுதுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. வாரா வாரம் பத்திரிகை வர வேண்டும். ஒருநாள் பத்திராதிபர் மூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார். அட்டை இல்லை. முதல் பத்துப் பன்னிரண்டு பக்கமும் இல்லை. யார் எழுதியது, எந்த தேசத்துக் கதை, எதுவும் தெரியாது. உள்ளே சின்னச் சின்னக் கதைகள் இருந்தன.

"பேரை மாத்து, ஊரை மாத்து, பனியை எடுத்துட்டு மழையைப் போடு. நம்மாத்துக் கதையாட்டம் இருக்கணும்" என்றார்.

இதைத் தழுவல் என்பார்கள். அந்த நாளில் எல்லோரும் செய்ததுதான். சிலர் 'தழுவல்' என்று கதைக்கு அடியில் போடுவார்கள். எங்கள் பத்திரிகையில் அதுவும் போடமாட்டோம். பத்திராதிபர் ஒரு பெண் பெயரைக் கற்பனை செய்து வைத்திருந்தார். அந்தப் புத்தகத்திலிருந்து நான் எடுத்த கதைகள் எல்லாம் அந்த அம்மாள் பெயரில் வந்தன. அம்மாளுக்கு வாசகர் கடிதங்கள் வரும். ஒரு பெரியவர் ஆசீர்வாதம் அனுப்பினார். கையெழுத்தைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டு நான்தான் பதில் எழுதினேன்.

அதில் ஒரு கதையை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். பனி பெய்கிற ஏதோ ஓர் ஊர். ஏழைக் குமாஸ்தாவின் மனைவி. தங்கை கல்யாணத்துக்கு அழைப்பு வருகிறது. போட்டுக்கொண்டு போக அவளுக்கு நல்ல காலணி இல்லை. அழைப்பைக் கணவனிடம் காட்டாமல் மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைக்கிறாள். கல்யாணம் முடிந்த பிறகு அவன் அதைப் பார்த்துவிடுகிறான். ஒன்றும் கேட்காமல் திரும்ப டப்பாவுக்குள்ளேயே வைத்து மூடிவிடுகிறான். அவ்வளவுதான் கதை. நான் குமாஸ்தாவை மாம்பலத்தில் குடிவைத்தேன். காலணியைப் பட்டுப்புடவை ஆக்கினேன். மாவு டப்பாவை அரிசிப் பானை ஆக்கினேன். அந்த வருஷம் அதிகம் பாராட்டு வந்த கதை அதுதான். பத்திராதிபரே என் முதுகில் தட்டினார்.

பிறகு யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது, ஊர் கட்சி கட்சியாகப் பிரிந்து நின்றது. கதர்க்காரர்கள் ஒரு பக்கம், சிவப்புக் கொடிக்காரர்கள் ஒரு பக்கம், கறுப்புச் சட்டைக்காரர்கள் ஒரு பக்கம். யார் எந்தப் பத்திரிகை கையில் வைத்திருக்கிறார் என்று பார்த்துத்தான் டிராமில் பக்கத்தில் உட்காருவார்கள். எங்கள் பத்திராதிபர் கதர். மாம்பலத்தில், தியாகராய நகர் பனகல் பார்க்குக்கு எதிரே ஒரு மாடியில் நடந்த மாதப் பத்திரிகை சிவப்புச் சாய்வு. அவர்கள் மாதம் இரண்டு வெளிநாட்டுக் கதைகளை மொழிபெயர்த்துப் போடுவார்கள். அதுதான் சண்டைக்கு ஆரம்பம்.

அந்நியத் துணியைப் பகிஷ்கரித்த நாம் அந்நியக் கதையை மட்டும் ஏன் உடுத்திக்கொள்கிறோம் என்று எங்கள் பத்திராதிபர் எழுதினார். தெப்பக்குளத்துத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சமுத்திரம் என்றால் பயம்தான் என்று மாம்பலத்தார் பதில் எழுதினார்கள். கறுப்புச் சட்டைக்காரர்களின் ஏடு ஒன்று, புராணம் படிப்பதற்கு வெள்ளைக்காரன் கதை எவ்வளவோ மேல் என்று எங்களை இடித்தது. அடையாற்றிலிருந்து ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்கள் நீண்ட நீண்ட கடிதம் எழுதினார்கள். எதிர்த்து எழுதியவர்களிலும் ஆதரித்து எழுதியவர்களிலும் பாதிப் பேர் அந்தக் கதைகளைப் படிக்கவே இல்லை. கடிதங்களை வெட்டிப் போட்டவன் நான், எனக்குத் தெரியும். லஸ்ஸில் காபி ஹோட்டலில் மாம்பலத்துப் பத்திரிகையை யாராவது விரித்தால் பக்கத்து மேஜையிலிருந்து, "என்ன ஓய், ரஷ்யாவிலேர்ந்து தபால் வந்துடுத்தா?" என்று குரல் வரும். அப்போது அது வெறும் வேடிக்கை இல்லை. சிவப்புக் கட்சிக்காரர்களைத் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கேலியைக் கேட்டுப் பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பத்திரிகை வெள்ளிக்கிழமை வரும். ஒரு செவ்வாய்க்கிழமை, அச்சுக் கோக்கிற பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ராயப்பேட்டைக்காரர். அப்பாவும் அண்ணனும் தம்பியும் எல்லாம் அச்சுக் கோக்கிறவர்கள்தான். பத்திராதிபர் தன் தலையங்கத்தை அச்சுக்கூடத்தில் தானே நேரே கொடுத்துவிடுவார். அதை வேறு யாரும் தொடக்கூடாது. அதனால் அந்த வாரம் என்ன எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

பாய் காட்டிய புரூபில், பத்திராதிபர் பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்திருந்தார். இடது பக்கம் 'அந்நியம்' என்று தலைப்புப் போட்டு மாம்பலத்துப் பத்திரிகையில் வந்த ஒரு மொழிபெயர்ப்புக் கதையிலிருந்து நீண்ட மேற்கோள். வலது பக்கம் 'நம் மண்' என்று போட்டு, அதே மாதிரி விஷயத்தை நம்மவர் எப்படிக் கையாள்கிறார் பாருங்கள் என்று எங்கள் பத்திரிகையில் முன்பு வந்த ஒரு கதையிலிருந்து மேற்கோள். கீழே விமர்சனம். அந்நியக் கதையில் மனைவி கணவனை ஏமாற்றுகிறாள், கணவன் தட்டிக்கேட்கத் துணிவில்லாத கோழை, இதுதான் அவர்கள் நாகரிகம். நம் கதையில் மனைவி கணவன் மனம் நோகாமல் இருக்க ஒளிக்கிறாள், கணவன் அவள் மனம் அறிந்து மௌனமாகிறான், இதுதான் நம் தர்மம்.

"ரெண்டு பக்கமும் ஒரே கதை கீது சார்" என்றார் பாய்.

நான் இடது பக்கத்தைப் படித்தேன். மாவு டப்பா. வலது பக்கத்தில் அரிசிப் பானை.

"இந்தக் கதைய நான் அன்னிக்கே கோத்தேன். பேருதான் வேற. இதே எடத்துல அந்தப் பொம்பள மூடியத் தொறந்து பாப்பா, இதே எடத்துல தும்முவா. கோக்கறவனுக்கு மறக்குமா நைனா?"

அட்டை கிழிந்த புத்தகத்தில் நான் பார்க்காத பெயரை மாம்பலத்துக்காரர்கள் முதல் வரியிலேயே போட்டிருந்தார்கள். எழுதியவர் வடக்கே ஒரு சின்ன தேசத்துக்காரர். ரஷ்யர்கூட இல்லை. பனி என்றால் ரஷ்யா என்பது எங்கள் ஆபீஸ் பூகோளம். அந்த மனிதர் இந்தக் கட்சிகள் எல்லாம் பிறப்பதற்கு முன்பே செத்தும் போயிருந்தார்.

மொழிபெயர்த்தவர் பெயர் பத்திரிகையில் இல்லை, ஏதோ புனைபெயர். யார் என்று பாய்க்குத் தெரிந்திருந்தது. அவர் தம்பி மாம்பலத்தில் அந்தப் பத்திரிகைக்கு அச்சுக் கோத்தான். மொழிபெயர்த்தவர் மயிலாப்பூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார், அடையாற்றில் ஒரு நூலகத்தில் புத்தகம் எடுத்துவந்து எழுதுகிறார், புத்தகம் முழுசாக அவர் கையில் இருக்கிறது என்று சொன்னார்.

நான் இரண்டு கதைகளையும் எடுத்துக்கொண்டு பத்திராதிபரிடம் போனேன். அவர் வேண்டுமென்று அப்படி எழுதினார் என்று நான் அப்போது நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. அந்த அம்மாள் பெயரில் அத்தனை கதை போட்டதில் எது எங்கிருந்து வந்தது என்று அவருக்கு மறந்துபோயிருந்தது. பொய்யாகப் போட்ட பெயரை அவரே நம்பிவிட்டார். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அப்படி எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அவர் இரண்டையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியில் துடைத்தார்.

"யாருக்குத் தெரியப்போறது?" என்றார்.

அப்போதுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். அவரைப் பயமுறுத்தி நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். மொழிபெயர்த்தவர் நம் ஊர் வாத்தியார்தான் சார், இன்ன பள்ளிக்கூடம், மூலப் புத்தகம் அவரிடம் இருக்கிறது, நாளைக்கு அவர் அதைத் தூக்கிக் காட்டினால் நம் மானம் போய்விடும், கட்டுரையை எடுத்துவிடுங்கள் என்றேன்.

அவர் இரண்டு கதைகளையும் மடித்து என்னிடம் நீட்டினார். பிறகு, "சரி, நீ போ. நான் பாத்துக்கறேன்" என்றார். எடுத்துவிடுவார் என்று நம்பி நான் ஆதம்பாக்கம் போய்ச் சேர்ந்தேன்.

புதன்கிழமை காலை கட்டுரை அப்படியே இருந்தது. கடைசியில் புதிதாக ஒன்பது வரி சேர்ந்திருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பாயிடம் கொடுத்திருந்தார். இந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர் மயிலாப்பூரில் நம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கற்பிக்கும் ஒருவர் என்று அறிகிறோம். பகலில் நம் குழந்தைகளுக்குப் பாடம், மற்ற வேளையில் அந்நியக் கட்சிக்குக் கைங்கரியம். இவர் யார் சம்பளத்தில் யாருக்கு ஊழியம் செய்கிறார் என்று பள்ளி நிர்வாகிகள் விசாரிக்க வேண்டாமா என்று இருந்தது. வாத்தியார் பெயர் இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் இருக்கிற வீதி இருந்தது. அந்த வீதியில் ஒரே ஒரு பள்ளிக்கூடம்தான்.

ஏன் எழுதினார் என்று புரிய எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. வாத்தியாரைக் கட்சி ஏஜெண்டு ஆக்கிவிட்டால் நாளைக்கு அவர் மூலப் புத்தகத்தைக் காட்டினாலும் எடுபடாது. திருடன் என்று அவர் கூவுவதற்குள் அவர் மேல் முத்திரை குத்திவிட வேண்டும்.

பாய் அந்தத் துண்டுக் காகிதத்தை, கோத்து முடித்ததைக் குத்தி வைக்கிற கம்பியில் குத்தாமல் என் கையில் கொடுத்தார். "நான் சொன்ன பேச்ச வச்சே அந்தாளு தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டாரே" என்றார். நான் மறுபடி பத்திராதிபர் அறைக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. நான் தட்டவில்லை.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு மப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்து தலைமையாசிரியரிடம் விசாரித்துவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை வாத்தியாரே எங்கள் ஆபீசுக்கு வந்தார். ஒடிசலான ஆள், முப்பத்தைந்து வயசு இருக்கும், சட்டைப் பையில் இரண்டு பேனா. ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் கமிட்டி கூடுகிறது, அதற்குள் தன்னைப் பற்றித் தெளிவாக ஏதாவது வந்தால்தான் வேலை தங்கும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டாராம். அவர் கோபமாக வந்திருப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபம் இல்லை.

"எனக்குக் கட்சி கிடையாதுன்னு ஒரு வரி போடுங்கோ. வேற பத்திரிகைக்காரா யாரும் கதையை வாங்கிக்கலை, மாம்பலத்துக்காராதான் வாங்கிண்டா, அதனால குடுத்தேன். என்னைத் திட்டறதை எல்லாம் அப்படியே வச்சுக்கோங்கோ. அந்த ஒரு வரி போறும்" என்று பத்திராதிபரிடம் சொன்னார். நான் அந்த அறையில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பத்திராதிபர் அவரை உட்காரச் சொல்லிக் காபி வரவழைத்தார். கடிதமாக எழுதிக் கொடுங்கள், போடுகிறேன் என்றார். வாத்தியார் அங்கேயே உட்கார்ந்து நாலு வரி எழுதினார். நல்ல கையெழுத்து. இரண்டு கதையும் ஒன்று என்ற விஷயமே அவருக்குத் தெரியவில்லை. எங்கள் பழைய இதழ்களை அவர் படித்ததில்லை போலிருக்கிறது. வலது பக்க மேற்கோளை ஏதோ ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டார். பத்திராதிபர் எந்த மனிதருக்குப் பயந்து ஒன்பது வரி எழுதினாரோ அந்த மனிதர் ஒன்றுமே அறியாமல் எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பத்திராதிபருக்கும் அது புரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். நிம்மதிதான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை இதழில் கடிதம் வரவில்லை. இடம் இல்லை என்றார். வடாம் பிழிவது பற்றி ஒரு கடிதம் வந்தது, அதற்கு இடம் இருந்தது.

அதற்கு முன்பே, புதன்கிழமை, கடிதம் வரும் என்ற நம்பிக்கை இல்லாமல் நான் இரண்டு கதையையும் எடுத்துக்கொண்டு மாம்பலத்துப் பத்திரிகை மாடிக்குப் போனேன். நேரில் பார்த்ததில்லை என்றாலும் என்னை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. "வாங்க தோழர், மயிலாப்பூர் விட்டுச்சா உங்கள?" என்று சிரித்தார் அவர்கள் ஆசிரியர். கதைகளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது, சந்தோஷம் வந்தது. இது குண்டு, அடுத்த இதழில் போட்டு வெடித்துவிடலாம் என்றார். அடுத்த இதழ் மூன்று வாரம் கழித்து. வாத்தியாருக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும், ஒரு துண்டுப் பிரசுரமாகவாவது போடுங்கள் என்றேன்.

"அது ஒரு தனி மனுஷர் விஷயம். இது கொள்கைப் போராட்டம். அவசரப்பட்டா வீணாப்போயிடும்" என்றார். எங்கள் பத்திராதிபர் இப்போது முன்னுரையில் எழுதியிருக்கிற கொள்கை, தனி மனிதர் என்கிற அதே வார்த்தைகள்தான் அவர் கையிலும் இருந்தன. பிறகு கேட்டார்: "சரி, உங்க பேரைப் போட்டு எழுதிக் குடுப்பீங்களா? நீங்கதான் அந்த அம்மாள்னு?"

பெயர் இல்லாமல் போடுங்கள் என்றேன். பெயர் இல்லாவிட்டால் யார் நம்புவார்கள் என்றார். அது நியாயமான கேள்வி. பெயரைப் போட்டால் அன்றைக்கே எனக்கு வேலை போகும். வேறு எந்தப் பத்திரிகையும் கதை திருடியவனைச் சேர்க்காது. நான் கதைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். என் வேலையா அவர் வேலையா என்று வந்தபோது என் வேலையைத்தான் நான் பார்த்துக்கொண்டேன். இதை யாரும் எனக்குச் சுட்டிக்காட்ட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. கமிட்டியில் இருந்த ஐந்து பேரில் மூன்று பேர் எங்கள் பத்திரிகையின் சந்தாதாரர்கள். வாத்தியாரை நீண்ட விடுப்பில் போகச் சொன்னார்கள். விடுப்பு முடியவே இல்லை.

பிறகு அவரை நான் வடபழனியில் பஸ் நிற்கிற இடத்தில் பார்த்தேன். நான் அந்தப் பத்திரிகையை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் ஒரு சினிமாக் கம்பெனியில் வசனத்துக்குப் பிரதி எடுக்கிற வேலையில் இருந்தார். யாரோ எழுதியதை நாலு பிரதி அழகாக எழுதித் தருவது. மொழிபெயர்ப்பு செய்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். மூர் மார்க்கெட் புத்தகம், அந்த அம்மாள், பாய், நான் போய்ப் பத்திராதிபரிடம் அவரைப் பற்றிச் சொன்னது, மாம்பலத்தில் பெயர் போட மறுத்தது. திட்டுவார் என்று நின்றேன்.

அவர் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டார். பிறகு சொன்னார்:

"அரிசிப் பானைன்னு போட்டிருந்தேளே, அது நன்னா இருந்தது. எனக்கு அது தோணலை. மாவு டப்பான்னு போட்டுட்டு அப்பறம் ரொம்ப நாள் யோசிச்சேன்." அடுத்த பஸ் வருவதைப் பார்த்துக்கொண்டே, "ஒரு வரிதானே கேட்டேன்" என்றார்.

மூன்றாவது பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

இதை இத்தனை வருஷம் நான் எழுதவில்லை. பத்திராதிபர் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னமும் எழுதியிருக்கமாட்டேன். அவ்வளவு யோக்கியன் இல்லை நான். ஆனால் தொகுப்பில் அந்தக் கட்டுரையையும் சேர்த்திருக்கிறார். இரண்டு பத்தியும் அப்படியே இருக்கின்றன. கடைசி ஒன்பது வரிகளை மட்டும் காணோம். எடுத்த அடையாளம்கூடத் தெரியாமல் எடுத்திருக்கிறார். எடுத்துவிட்டு, எவருக்கும் தீங்கு வந்ததில்லை என்று முன்னுரை எழுதுகிறார். தீங்கு எங்கே இருந்தது என்று தெரியாதவர் சரியாக அந்த ஒன்பது வரிகளைத் தேடி எடுக்கமாட்டார்.

வாத்தியார் இன்னும் இருக்கிறார். வடபழனியில்தான் குடியிருக்கிறார், பத்திரிகையும் படிக்கிறார். எனவே பத்திராதிபர் எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். யாரையும் தூது அனுப்ப வேண்டாம். அவருடைய பத்திரிகை இன்னும் வெள்ளிக்கிழமை வருகிறது. இரண்டு கதையும் ஒன்றுதான் என்று தெரிந்த மறுநாள் அந்த ஒன்பது வரியைச் சேர்த்தது ஏன், இப்போது எடுத்தது ஏன் என்று தலையங்கம் போடுகிற பக்கத்திலேயே, தன் பெயரைப் போட்டு, அவர் பதில் எழுத வேண்டும்.